வீட்டு வழிபாட்டில் நாயன்மார் படிமங்கள்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாயன்மார்களின் பித்தளைச் சிலைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு நம் சங்கக் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். தலைப்பிலேயே ஒரு சிறு வழக்கு இருக்கின்றது. சிலை என்பது கல்லைக் குறிக்குஞ் சொல். பித்தளைக் கல் என்று ஒன்று உலகத்தில் இல்லை. உலோகத்தால் வார்த்தவற்றைப் படிமம் என்றும் திருமேனி என்றும் நம் முன்னோர் வழங்கினர். எனினும் இன்று கடைத்தெருவில் யாவரும் சிலை என்றே கேட்டு வாங்குகின்றனர், வழக்கு வென்றுவிட்டது. அதை எதிர்த்து இங்கே போராடப் போவதில்லை. நான் படிமம் என்று சொல்லுமிடத்தில் நீங்கள் சிலை என்று கொள்ளினும் குற்றமில்லை.

நான் சொல்லவந்த விஷயம் வேறு. நம்மவர் வீடுகளில் சாண் உயரத்திலும் அதனிற் குறைந்தும் நாயன்மார் படிமங்கள் உள்ளன. பாட்டனார் காலத்தில் வாங்கியவையும் உண்டு. சென்ற தீபாவளிக்கு வாங்கியவையும் உண்டு. அவற்றுள் எது யாருடையது என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், "ஏதோ ஒரு சாமி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். பிள்ளைகளை நோவதற்கில்லை. படிமத்தைப் பார்த்து அடியாரை அறியும் வழியை நாம் அவர்களுக்குக் காட்டவில்லை. பெயர் தெரியாத படிமம் சில ஆண்டுகளில் அலமாரிப் பொம்மையாகின்றது. பொம்மையானது பிறகு பழைய பித்தளையாகின்றது. பழைய பித்தளைக்குச் சேரிடம் தராசுத் தட்டு. இதுவே இன்று நம் குடும்பங்களில் நடந்துவருவது.

நாயன்மாரை உலோகத்தில் வார்த்து வழிபடுதல் நேற்று வந்த வழக்கமன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களைக் காண்க. முதலாம் இராசராசனது இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டு வரையில், அதாவது கி.பி. 1014 அளவில், அக்கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்பவர், நம்பியாரூரர், அவர் தேவியார் பரவை நங்கையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனிகள் எடுப்பித்துக் கோயிலில் வைத்தார் என்று அவை கூறுகின்றன. ஒவ்வொன்றும் இத்தனை விரல் உயரம், திருக்கை இரண்டு, அணிவித்த அணிகள் இன்னின்ன என்று கணக்குப் பிள்ளையின் சிரத்தையோடு கல்லில் வெட்டியிருக்கின்றனர். சிறுத்தொண்டரும், அவர் மனைவியார் திருவெண்காட்டு நங்கையும், மைந்தர் சீராளரும் அங்கே திருமேனி பெற்றிருந்தனர். மெய்ப்பொருளாரின் படிமத்தையோ, அவர் உயிர் நீங்குந் தறுவாயில் தம் மெய்காவலனாகிய தத்தனை நோக்கிச் சொன்ன மொழியைக் கொண்டே கல்வெட்டுக் குறிக்கின்றது. இவ்வளவும் சேக்கிழார் பெரிய புராணம் பாடுதற்கு நூறாண்டிற்கு மேற்பட்ட முன்னைக் காலத்தவை என்பது கருதத்தக்கது. புராணம் ஏட்டில் ஏறுமுன்பே அடியார் வரலாறு செம்பில் ஏறிவிட்டது. கல்வெட்டிற் கண்ட அத்திருமேனிகளுள் மிகப்பல இப்பொழுது அக்கோயிலில் இல்லை. கல் நின்றது, செம்பு போயிற்று.

நிற்க. ஒரு படிமம் யாருடையது என்பதை எவ்வாறு அறிவது? முகத்தைப் பார்த்து அறிய முடியாது. பழைய ஸ்தபதிகள் அடியாரின் முகத்தை ஓவியம்போல வேறுபடுத்திக் காட்ட முயன்றாரல்லர். கையைப் பார்க்கவேண்டும். அவ்வடியார் என்ன தொண்டு செய்தார், எந்தக் கணத்தில் இறைவன் அவரை ஆட்கொண்டான் என்பது கையிலே இருக்கும்.

திருநாவுக்கரசர் மழித்த தலையினர்; உருத்திராக்கம் அணிந்து இரு கைகளையும் கூப்பி நிற்பார்; அவர் தோளிற் சார்த்தியோ முழங்கையில் இடுக்கியோ ஒரு கருவி இருக்கும். அதுவே உழவாரப்படை. கோயிற் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கிய கருவி. இதன் காம்பு மெல்லியதாதலின் எளிதில் ஒடிந்துவிடும். ஒடிந்தபின் நிற்பவர் கைகூப்பிய ஒரு துறவி, அவ்வளவே. கூப்பிய கைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சிறு துளையோ, தோளில் ஒரு தழும்போ காணப்படின் அங்கே உழவாரம் இருந்ததென்று ஊகிக்கலாம். உழவாரத்தைத் தனியே வார்த்துப் பொருத்திய படிமங்களும் உண்டு. ஆதலின் இழந்தவர்கள் ஒரு நல்ல பத்தரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்வித்துக்கொள்ளலாம். பெருஞ்செலவு ஆகாது.

திருஞானசம்பந்தர் விஷயத்திலேதான் மயக்கம் அதிகம். அவர் குழந்தை. பழைய படிமங்களில் அரையில் அணியன்றி ஆடையில்லாத குழந்தையாகவே நிற்பார். சிலவற்றில் ஒரு காலைத் தூக்கி ஆடுவார். ஆடுங் குழந்தையைக் கண்டவுடன் நம் பெண்மக்கள், "கண்ணன்" என்று வெண்ணெய் வைத்து விடுகின்றனர். அன்பிலே குறையொன்றுமில்லை; ஆனால் ஆளை அறிந்து அன்பு செலுத்துவது இன்னும் நல்லதன்றோ? வேற்றுமை கையில் இருக்கின்றது. ஆடுங் கண்ணனின் வலக்கை பெரும்பாலும் விரல்களெல்லாம் விரிந்து அஞ்சேல் என்று காட்டும். சம்பந்தரின் வலக்கையோ ஒரு சுட்டுவிரலை மட்டும் மேலே நீட்டி நிற்கும். இடக்கையிற் சிறு கிண்ணம் இருப்பதும் உண்டு. சீகாழிக் குளக்கரையில், "இந்தப் பாலை உனக்கு ஊட்டியவர் யார்?" என்று தந்தையார் கோலோங்கிக் கேட்க, தோணியப்பர் எழுந்தருளிய விமானத்தை நோக்கிப் பிள்ளை விரல் நீட்டிய கணம் அது. அவ்விரல் ஒடிந்தால் வரலாறே ஒடிந்தது. கையில் தாளத்தோடு நிற்கும் சம்பந்தரும் உண்டு. அது திருக்கோலக்காவிற் பெற்ற பொற்றாளம்.

சுந்தரர் மணக்கோலத்தில் அழகிய இளைஞர். முடியை அள்ளிக் கொண்டையிட்டு, அணிகள் பூண்டு நிற்பார். இலங்கையில் பொலன்னறுவையில் 1907-08ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்த படிமங்களுள் ஒரு சுந்தரர் உண்டு. கொழும்புக் காட்சிசாலையில் வைத்துள்ளனர். எதையோ கண்டு திகைத்து நின்ற இளைஞனின் நிலையை அந்தச் செம்பு தாங்கியிருப்பது போல வேறொன்று தாங்கியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் அப்படிமங்களைப் பற்றி ஒரு நூலே எழுதியுள்ளார்கள்.

மாணிக்கவாசகர் இடக்கையில் ஏடும், வலக்கையிற் சின்முத்திரையும் உடையவர். சில பழைய படிமங்களில் அவ்வேட்டிலே எழுத்தும் பொறித்திருக்கும். ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். மாணிக்கவாசகர் அறுபத்துமூவரைச் சேர்ந்தவரல்லர். சமயாசாரியர் நால்வரில் ஒருவர். நால்வரில் மற்றை மூவர் அறுபத்துமூவரிலும் சேர்ந்தவர்கள். இவ்வளவு தெரிந்திருந்தால் கடைக்காரர் "அறுபத்துமூவர் வரிசை" என்று சொல்லி எதை விற்கிறார் என்பது விளங்கும்.

கண்ணப்பருக்குக் காலில் செருப்பு. சண்டேசுரருக்குக் கையில் மழு. காரைக்கால் அம்மையாருக்கு எலும்பெழுந்த உடலும் கையில் தாளமும். அம்மையாரின் படிமம் ஒன்று அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கின்றது. உயரம் ஏறத்தாழ 23 செண்டிமீட்டர், ஒரு சாண். சிறிது என்று யாரும் அதனை ஒதுக்குவதில்லை.

சாண் என்றமையால் அளவைப்பற்றியும் சொல்லிவிடுகின்றேன். வீட்டில் வைத்துப் பூசிக்கும் படிமம் கட்டைவிரற் கணுவளவு தொடங்கி ஒரு சாண் அளவு வரையில் இருப்பதே சிறப்பு, அதற்கு மேற்பட்டது வீட்டிற்கு ஏற்றதன்று என்பது மச்ச புராணத்தின் கருத்து. அதே இடத்தில் படிமம் செய்தற்குரிய பொருள்களைச் சொல்லுகையில், பொன், வெள்ளி, செம்பு, கல், மரம் என்பவற்றோடு பித்தளையையும் சேர்த்தே சொல்லியிருக்கின்றது. ஆகவே, "பித்தளை பூசைக்கு ஆகாது, பஞ்சலோகந்தான் ஆகும்" என்று சில பெரியவர்கள் அடித்துச் சொல்வது சாஸ்திரத்தைப் பார்த்துச் சொல்வதன்று. ஏழைக் குடும்பத்தார் பித்தளையை வாங்கி வைத்துக் கூசவேண்டிய அவசியம் இல்லை. பித்தளையைப் பஞ்சலோகம் என்று சொல்லி இரட்டிப்பு விலை வாங்குகின்றார்களே, கூசவேண்டியவர் அவர்கள். செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். வாங்கும்போது உலோகம் இன்னதென்று ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்பொழுது கடைகளில் நிறைந்திருப்பவற்றுட் பல ஒரே அச்சிலிருந்து நூற்றுக்கணக்கில் வார்த்தவை. மொராதாபாத், அலிகார் முதலிய வடநாட்டு ஊர்களிலிருந்தும் பித்தளைப் பதுமைகள் ஏராளமாக வருகின்றன. அங்குள்ள தொழிலாளர் கைதேர்ந்தவர்கள். கணபதியையும் கண்ணனையும் அழகாகவே வார்க்கின்றனர். ஆனால் உழவாரப்படையை அவர்கள் கண்டிருக்க நியாயமில்லை. பக்கத்திலே சுவாமிமலையில் நடப்பது வேறு முறை. தேன்மெழுகில் குங்கிலியமும் எண்ணெயும் கூட்டி முழுவுருவத்தையும் முதலில் மெழுகிலே செய்வர். அளவை, உயரத்திற்கு நறுக்கிய தென்னையோலையை மடித்து மடித்துக் குறித்துக்கொள்வர். பின் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை அம்மெழுகின்மேல் பூசி உலர்த்தி, அதன்மேல் பருமண் அப்பிக் கம்பியாற் கட்டிச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியே ஓடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால் படிமம் வெளிவரும். அச்சு உடைந்துபோவதால் ஒரு மெழுகிற்கு ஒரு படிமமே. அடுத்ததற்கு மறுபடியும் மெழுகு பிடிக்கவேண்டும். ஆகவே விலை அதிகந்தான். ஆனால், "ஐயா, இந்த நாயனாருக்குக் கையில் இன்னது வேண்டும்" என்று அங்கே சொல்லிச் செய்விக்கலாம். அச்சினிடம் அதைச் சொல்ல முடியுமா?

இதை ஏன் இவ்வளவு விரித்தேன் என்றால், நம் குலத்திற்கு நேரே வருங் காரியம் ஒன்று இருக்கின்றது. நாம் தறியை நம்பி வாழ்ந்த குலத்தார். அறுபத்துமூவரில் நம் தொழிலைச் செய்தவர் நேச நாயனார். காம்பீலி நகரத்தில் தோன்றியவர், சாலியர் குலத்தவர். மனத்தைச் சிவன் திருவடிக்கும், நாவை ஐந்தெழுத்துக்கும், கைத்தொழிலை அடியாருக்கும் ஆக்கி, உடையும் கீளும் கோவணமும் நெய்து கொடுத்தவர் என்று சேக்கிழார் மிகச் சில பாடல்களில் சொல்லி முடிக்கின்றார். கூறைநாட்டுப் புனுகீசர் கோயிலே அவர் முத்தி பெற்ற தலம் என்பது மரபு. பங்குனி ரோகிணியில் அவருக்குக் குருபூசை.

இந்த நாயனாரின் படிமத்தைக் கடையில் கேட்டுப் பாருங்கள். நால்வர் கிடைப்பார்கள், கண்ணப்பர் கிடைப்பார், நேசர் கிடைக்கமாட்டார். வற்புறுத்திக் கேட்டால், கைகூப்பி நிற்கும் ஏதோ ஓர் அடியாரை எடுத்து, "இவர்தாம்" என்று கொடுத்துவிடுவார்கள். பெரிய கோயில்களின் பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரிலும் பலர் ஒரே மாதிரியாகக் கைகூப்பி நிற்பதும், பீடத்தில் எழுதிய பெயரைக் கொண்டே அவர்களை நாம் அறிவதும் உண்மையே. கோயிலில் வரிசையும் பெயரும் உண்டு, போதும். வீட்டிலே தனியே நிற்கும் படிமத்திற்கு அது போதாது. நம் பிள்ளைகள் பார்த்தவுடன், "இவர் நம்மவர், நெய்தவர், நெய்ததைக் கொடுத்தவர்" என்று அறியவேண்டுமானால் கையில் துணி இருக்கவேண்டும். மடித்த கோவணமும் கீளும் இரு கைகளிலும் ஏந்தி, வருகின்ற அடியாரை எதிர்நோக்கிச் சற்றே முன் சாய்ந்து நிற்பதாக வார்ப்பித்தால் புராணத்தோடு பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வேறு வகையாக எண்ணுவோர் சொல்லலாம். ஆனால் ஸ்தபதியிடம் போவதற்கு முன் தாராசுரம் போய்வருவது நல்லது. இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த அக்கோயிலில் அறுபத்துமூவர் வரலாறுகளைச் சிறு சிறு கற்பலகைகளாகச் செதுக்கியிருக்கின்றனர். ஓரடியார் செய்த தொண்டினைச் சாண் அகலக் கல்லில் எப்படி அடக்கலாம் என்பதை அங்கே கற்கலாம். சுவாமிமலைக்கு அது தூரமும் அன்று.

இனிப் பழைய படிமங்களின் கதி. நம் குடும்பங்களில் பாகம் பிரிக்கும்போது நிலமும் வீடும் தறியும் பத்திரத்தில் ஏறுகின்றன. பூசையறைப் பொருள்கள் ஏறுவதில்லை. அண்டா, குத்துவிளக்கு, தவலை எல்லாம் எடை போட்டுப் பங்கிடப்படும்பொழுது, படிமமும் பாத்திரத்தோடு பாத்திரமாகத் தராசில் ஏறிவிடுகின்றது. தறி நின்றுபோன ஆண்டுகளில் அடகுக்குப் போனவை எத்தனை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பசித்த வயிற்றுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. ஆனால் பசியில்லாத வீடுகளிலிருந்தும் போகின்றனவே! "பழசு, முகம் தேய்ந்துவிட்டது, கொடுத்துவிட்டுப் புதிதாய்ப் பளபளப்பாய் வாங்கலாம்" என்பதே அங்கெல்லாம் காரணம். வாசலுக்கு வந்து வாங்குபவன் சில சமயம் எடைக்கு மேலே நூறு ரூபாய் கூட்டித் தருவான். ஏன் கூட்டித் தருகிறான் என்று நாம் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய காரணம் இருக்கின்றது. ஆடுங் குழந்தையாகிய சம்பந்தரின் சோழர் காலப் படிமம் ஒன்று கடல் கடந்து ஆஸ்திரேலியா தேசத்துக் கலைக்கூடத்தில் வெகுகாலம் இருந்து, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குத் திரும்பியது. சென்னையில் ஒரு சிவாலயத்திலிருந்து களவு போன மாணிக்கவாசகர் படிமத்தை அமெரிக்க அரசாங்கத்தார் 2016இல் திருப்பி ஒப்படைத்தனர். அதன் மதிப்பு பதினைந்து லட்சம் டாலர் என்று அவர்களே அறிவித்தனர். இவை கோயிற் பொருள்கள். வீட்டுப் படிமங்களுக்கு அவ்வளவு மதிப்பு வாராது. ஆயினும் கோயிற் படிமங்கள் திரும்பி வந்ததற்குப் பல சமயங்களில் உதவியது எது தெரியுமா? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயில் தோறும் சென்று எடுத்துவைத்த புகைப்படங்கள். "இது எங்களுடையது" என்று வாயாற் சொன்னால் எவரும் நம்பார். படம் இருந்தால் வழக்கு நிற்கும்.

சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976இல் அமலுக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள உலோகப் படிமத்தை வைத்திருப்பவர் பதிவு அதிகாரியிடம் படத்துடன் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ளவேண்டும். பதிந்தால் அரசாங்கத்தார் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்மவரிற் பலர் அஞ்சுகின்றனர். அச்சம் வீண். உடைமை உங்களுடையதாகவே இருக்கும். கைமாறினால் தெரிவிக்கவேண்டும், நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது, அவ்வளவுதான். அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பதோ வேறு. அது 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்கீழ் வருவது. ஜில்லா கலெக்டருக்குத் தெரிவித்தே தீரவேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முகம் தேய்ந்ததற்குக் காலம் மட்டும் காரணமன்று. நம் கையுங் காரணம். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுச் செங்கற்பொடியால் தேய்த்தால், புளிப்பு உலோகத்தின் மேற்பரப்பைக் கரைக்கும், பொடி அதை அராவும். ஐம்பது ஆண்டில் மூக்கும் போகும். சம்பந்தரின் விரலும் போகும். அபிஷேகம் ஆனவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமின்றித் துடைத்துவிட்டால் போதும். மங்கிப்போனால் நயமான திருநீற்றை மெல்லிய துணியில் தொட்டுத் துடைக்கலாம். பழைய படிமம் பொன்போல் மின்னவேண்டுவதில்லை. அதன் கருமையே அதற்கு அழகு. பச்சையாகப் பொடி பூத்தால் மட்டும் கவனிக்கவேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன என்பதற்கு அது அடையாளம். உடனே ஈரமற்ற இடத்தில் தனியே எடுத்து வைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

முடிவாக, சங்கத்தாரிடம் ஒரு பிரேரணை வைக்கின்றேன். நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள படிமங்களை முன்புறமும் பின்புறமும் கையருகிலும் ஒவ்வொரு படம் எடுத்து, உயரம், எடை, யார் காலத்தில் வந்தது என்ற விவரங்களோடு காரியாலயத்திற் கொடுக்கட்டும். சங்கத்தில் ஒரு பேரேடு திறந்து அவற்றை ஒட்டி வைப்போம். பேரேட்டைப் பூட்டி வைக்கவேண்டும். எந்த வீட்டில் எது இருக்கிறதென்று வெளியார் அறியவேண்டியதில்லை. பெயர் தெரியாத படிமங்களை அன்று கூடிப் பார்த்துக் கையடையாளத்தால் பெயர் காண்போம். அதோடு, வருகின்ற பங்குனி ரோகிணிக்குள் சங்கத்தின் செலவில் நேச நாயனாருக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு படிமம் மெழுகு வார்ப்பில் செய்விக்கவும், செய்யுமுன் மெழுகுருவத்தை இந்தச் சபையிற் கொண்டுவந்து காட்டி, கையில் இருப்பது சரிதானா என்று எல்லோரும் பார்த்துச் சொல்லவும் ஏற்பாடு செய்யவேண்டும். மெழுகாக இருக்கும்வரையில் திருத்தலாம்; உலோகமானபின் திருத்தமுடியாது. ஆகையால் தாராசுரத்திற்கும் சுவாமிமலைக்கும் போய்வர மூவரைத் தெரிந்தெடுக்கும்படி தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன். அம்மூவரில் ஒருவர் தறியில் உட்கார்ந்து பழகியவராக இருக்கட்டும். கோவணம் எப்படி மடிந்து விழும் என்பதை ஸ்தபதிக்குச் சொல்ல அவராலேதான் முடியும்.